ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே: விளம்பரம் பிள்ளைகளுக்குள் பொருளாசையை எப்படி வளர்க்கிறது?

மும்பை இந்தியன்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி. அக்கா வீட்டில் இருந்தேன். தாராவியில், தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் கீழே ஒரு கோலி, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு கோலி. அறையை இங்கே நாங்கள் கோலி என்றுதான் சொல்வோம். ஒரு மூலையில் மோரி என்கிற கழுவுமிடம், அதை ஒட்டித் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம், எதிர்ச் சுவரில் டிவி. டிவி வேண்டாம் என்று நினைத்தாலும் முகத்தைத் திருப்ப வேறு சுவர் இல்லை.

அக்கா மகனும் அவன் கூட்டாளி ஒருவனும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் 12 வயது. ஓவர் முடிந்து ஒரு ஷூ விளம்பரம் வந்தது. அது முடிந்ததும் அக்கா மகன் எழுந்தான். வாசலில் கிடந்த தன் ஷூவைக் காலாலேயே ஏணிக்கு அடியில் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான். கூட்டாளி கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மறுநாள் அந்த ஷூவை எடுத்துப் பார்த்தேன். இடது முனையில் தோல் உரிந்த இடத்தைக் கறுப்பு மார்க்கரால் தீட்டி வைத்திருந்தான். முந்தின வாரம் வரை அதே ஷூவைப் போட்டுக்கொண்டுதான் கிரவுண்டில் நாள் முழுக்க ஓடினான். ஷூவில் புதிதாக எந்தக் கிழிசலும் இல்லை. அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் புதிதாக வந்திருந்தது.

அந்த முப்பது நொடியில் அவனுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப் போகிறோம். தொலைக்காட்சி விளம்பரம் இளம் வயதினரிடம் பொருளாசையை வளர்க்கிறதா, வளர்த்தால் எந்த வழியாக என்று ஐம்பது ஆண்டுகளாகப் பலர் ஆராய்ந்து வருகிறார்கள். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படக்கூடிய விஷயம் அதில் நிறைய இருக்கிறது.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். பொருள்முதல்வாதம் என்று தமிழில் எழுதினால் படிக்கிறவர்களுக்கு மார்க்சியத் தத்துவம்தான் நினைவுக்கு வரும். நாம் பேசப்போவது வேறு. அதனால் பொருளாசை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆசைப்படுவது தப்பே இல்லை. கிழிந்த ஷூ போட்டிருக்கும் பிள்ளை நல்ல ஷூ கேட்பது நியாயமான தேவை. வசதியாக இருப்பவர்கள் இல்லாதவர்களைப் பார்த்து எளிமையைப் பற்றி உபதேசம் செய்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். இந்தக் கட்டுரை அந்த வகையைச் சேர்ந்ததில்லை.

அப்படியானால் எதைப் பொருளாசை என்கிறோம்? மார்ஷா ரிச்சின்ஸ், ஸ்காட் டாசன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1992-இல் இதை அளப்பதற்கு ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். இன்றுவரை இந்தத் துறையில் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் கணக்குப்படி இது மூன்று நம்பிக்கைகள் சேர்ந்தது. வாழ்க்கையின் நடுவில் பொருளை வைப்பது ஒன்று. இன்னும் கொஞ்சம் பொருள் சேர்ந்தால் சந்தோஷம் தானாக வந்துவிடும் என்று நம்புவது இன்னொன்று. மூன்றாவது, ஒருவர் வாழ்க்கையில் ஜெயித்தாரா தோற்றாரா என்பதை அவரிடம் என்னென்ன இருக்கிறது என்பதை வைத்து எடைபோடுவது. அடுத்தவரை மட்டுமில்லாமல் தன்னையும் அப்படியே எடைபோட்டுக்கொள்வது. அக்கா மகனை அன்றைக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். புது ஷூ வேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருக்கிற ஷூவை ஒளித்து வைத்தான்.

அந்த விளம்பரத்தை அப்புறம் பல முறை பார்த்துவிட்டேன். பெயர் வேண்டாம். வேறு பெயர் போட்டாலும் கதை இதேதான். முதல் சில நொடிகளில் ஒரு பையன் மைதானத்து ஓரத்தில் தனியாக நிற்கிறான். கேப்டன் ஆள் பிரிக்கிறான், இவன் பெயரைக் கூப்பிடவில்லை. கேமரா மெல்ல அவன் காலுக்கு இறங்குகிறது. பழைய ஷூ. அடுத்து ஒரு டப்பா திறக்கிறது, பளிச்சென்று வெளிச்சம், பாட்டு வேகமெடுக்கிறது. கடைசியில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆடுகிறார்கள். அடிப்பாகம் எதனால் செய்தது, எத்தனை மாதம் உழைக்கும், தண்ணீரில் நனைந்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கிடையாது. மும்பை மழையில் ஷூ வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

கதையை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். பையன் பயிற்சி எடுத்து நன்றாக விளையாடக் கற்றுக்கொண்டதாக அதில் இல்லை. ஒருத்தனை ஒதுக்கியது தப்பு என்று கேப்டனுக்குத் தோன்றியதாகவும் இல்லை. அவன் தனியாக நின்றதற்குக் காரணம் ஷூ, கூட்டத்தில் சேர்ந்ததற்குக் காரணமும் ஷூ. உள்ளே அடங்கியிருக்கும் பாடம் இதுதான்: உன்னை யாரும் கூப்பிடவில்லை என்றால் குறை உன் காலில் இருக்கிறது.

இது மனதில் ஒட்டிக்கொள்ளும் விதம் பழைய உளவியல் பாடம். மணியோசையையும் சாப்பாட்டையும் திரும்பத் திரும்பச் சேர்த்துக் காட்டினால் பிறகு மணியோசைக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லோவ் காட்டினார் அல்லவா? அதே மாதிரி ஷூவையும் தோழமையையும், சோப்பையும் அம்மாவின் அன்பையும், பைக்கையும் துணிச்சலையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டினால் கொஞ்ச நாளில் பொருளைப் பார்த்தாலே அந்த உணர்வு வந்துவிடுகிறது. தமிழில் பொருள் என்றால் சாமான், பொருள் என்றால் அர்த்தம். விளம்பரக்காரர்கள் செய்யும் வேலை அந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று தைப்பதுதான்.

தைப்பது என்றதும் அத்தான் சொன்னது நினைவுக்கு வருகிறது. அத்தானுக்குத் தோல் பட்டறையில் வேலை. பை தைக்கிறார். தாராவியில் தோல் வேலைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பலர் அந்தக் காலத்திலேயே தோல் பதனிடும் வேலைக்கு வந்து இங்கே வேர்விட்டவர்கள். ஷூ விஷயத்தை நான் சொன்னபோது அத்தான் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "தோல் ஒண்ணுதான், நூல் ஒண்ணுதான், தைக்கிற கையும் ஒண்ணுதான். லேபிள் ஏறினா விலை வேற, பிடிக்கிற விதமே வேற. லேபிள் இல்லாத பைய ஆளுக தரையில போடுறாக. லேபிள் உள்ளத மடியில வைக்கிறாக" என்றார். தோல் அறிந்தவர் வீட்டுப் பிள்ளை தன் ஷூவின் தோலை நினைத்து வெட்கப்பட்டது அவருக்கு வலித்திருக்க வேண்டும். வேறெதுவும் பேசாமல் சாப்பிட்டு முடித்தார்.

ஒரு தடவை பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பப் பார்ப்பதில்தான் விஷயம். அடிக்கடி கண்ணில் படுவதாலேயே ஒன்று நமக்குப் பிடித்துப்போகும் என்று 1968-இல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் சோதனைகள் வழியாகக் காட்டினார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 12 நிமிட விளம்பரத்தை அனுமதிக்கின்றன. ஒரு பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் டிவி பார்த்தால் 24 நிமிடம். முப்பது நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 48 விளம்பரம், வருஷத்துக்குப் பதினேழாயிரத்துக்கு மேல். பாடப் புத்தகத்தில் எந்தப் பாடத்தையும் நாம் இத்தனை தடவை நடத்துவதில்லை. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் நிலைமை இன்னும் ஒரு படி மேல். அதே விளம்பரத்தைக் கிரிக்கெட்டில் இந்தியிலும், அம்மா பார்க்கும் சீரியலில் தமிழிலும் கேட்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததா? மும்பையில் தூர்தர்ஷன் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது விளம்பரமே கிடையாது. 1976-இல்தான் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த முதல் பெரிய தொடரான 'ஹம் லோக்'கை ஒரு நூடுல்ஸ் கம்பெனி தாங்கி நடத்தியது. தொடரும் வளர்ந்தது, நூடுல்ஸும் வீட்டுக்கு வீடு வந்தது. 1991-க்குப் பிறகு தனியார் சேனல்கள் வந்ததும் கதவு முழுசாகத் திறந்தது. ஜீ 1992-இல், சன் டிவி 1993-இல்.

அந்த மாற்றத்தை இரண்டு விளம்பர வாசகங்களிலேயே பார்த்துவிடலாம். எண்பதுகளில் ஒனிடா டிவிக்கு, கொம்பும் வாலும் வைத்த பிசாசு ஒன்று வந்து சொல்லும் வாசகம்: அக்கம்பக்கத்தாருக்குப் பொறாமை, வாங்கியவருக்குப் பெருமை. படம் தெளிவாகத் தெரியும் என்பதை விட, பக்கத்து வீட்டுக்காரர் வயிறு எரிவார் என்பதுதான் அதில் முன்னால் நின்றது. 1998-இல் பெப்சி, மனசு இன்னும் கேட்கிறது என்ற பொருளில் இந்தி வாசகம் ஒன்றைக் கொண்டுவந்தது. நாடே அதைச் சொல்லித் திரிந்தது. முதலாவது அடுத்தவரைப் பார்த்து அளந்துகொள்ளச் சொல்கிறது, இரண்டாவது போதும் என்று சொல்லாதே என்கிறது. ரிச்சின்ஸும் டாசனும் சொன்ன நம்பிக்கைகளை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒரு விளம்பரம் ஒரு பொருளை விற்கிறது. எல்லா விளம்பரமும் சேர்ந்து ஒரு உலகத்தைக் காட்டுகின்றன. ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1960-களின் கடைசியில் தொடங்கிய ஆய்வுகளின் சாரம் இதுதான்: அதிகமாக டிவி பார்ப்பவர்கள், வெளியே இருக்கும் உலகமும் டிவியில் வருவது போலத்தான் இருக்கும் என்று மெல்ல மெல்ல எண்ணத் தொடங்குகிறார்கள். 1997-இல் ஓ'கின், ஷ்ரம் என்ற இருவர் இதைப் பணக்கார வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தார்கள். டென்னிஸ் மைதானம், சொந்த விமானம், வீட்டு வேலையாட்கள் இதெல்லாம் எத்தனை அமெரிக்கர்களிடம் இருக்கும் என்று கேட்டால், நிறைய டிவி பார்ப்பவர்கள் கூடுதலாக மதிப்பிட்டார்கள்.

இதை தாராவிக்குக் கொண்டுவந்து பாருங்கள். விளம்பரத்தில் அம்மா தோசை சுடும் சமையலறைக்குள் அக்கா வீட்டுக் கோலி இரண்டு அடங்கும். ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிறது. சோபாவில் யாரும் துணி மடித்துப் போடவில்லை. வசனம் எதுவுமே 'பெரிய வீடு வாங்கு' என்று சொல்லவில்லை. ஆனால் பாயசம், பல்பொடி, பனியன் என எந்த விளம்பரமாக இருந்தாலும் பின்னணியில் இதே வீடுதான். சாதாரணக் குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால், அப்புறம் தன் வீடு சாதாரணத்துக்கும் கீழே என்று ஆகிவிடுகிறது. 1954-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் சொன்னது போல மனிதர் தன்னை அளந்துகொள்வது அடுத்தவரோடு ஒப்பிட்டுத்தான். முன்பு ஒப்பிட அதே சந்துக்காரர்கள் இருந்தார்கள். இப்போது ஒப்பீட்டுக்கு வருகிற குடும்பம் கோரேகாவ் ஸ்டுடியோவில் போட்ட செட்டில் வாழ்கிறது.

சரி, இதற்கெல்லாம் நேரடியான சான்று உண்டா? 1978-இல் மார்வின் கோல்ட்பர்க், ஜெரால்ட் கோர்ன் இருவரும் 4, 5 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சியோடு பொம்மை விளம்பரம் காட்டினார்கள், மற்றவர்களுக்குக் காட்டவில்லை. பிறகு இரண்டு பையன்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவன் நல்லவன், பொம்மை இல்லாதவன். மற்றவன் அவ்வளவு நல்லவன் கிடையாது, ஆனால் அந்தப் பொம்மை அவனிடம் இருக்கிறது. யாரோடு விளையாடுவாய்? விளம்பரம் பார்த்த குழந்தைகள் பொம்மை வைத்திருப்பவனைத் தேர்ந்தெடுப்பது கூடியிருந்தது. பொம்மை வாங்கித் தராத அப்பாவோடு ஒரு பையன் தொடர்ந்து விளையாட விரும்புவானா என்ற கேள்விக்கும், விளம்பரம் பார்த்தவர்களிடம் 'மாட்டான்' என்ற பதில் அதிகம் வந்தது. அந்தப் பொம்மையை யாரும் அவர்களுக்கு விற்கவில்லை. இருந்தும் நல்லவன் யார், நல்ல அப்பா யார் என்ற கணக்கு அசைந்துவிட்டது. இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்கு அத்தான் பேசாமல் சாப்பிட்டதுதான் ஞாபகம் வந்தது.

வயதும் முக்கியம். ஏழு, எட்டு வயது வரை பெரும்பாலான குழந்தைகளுக்கு விளம்பரம் தங்களை வாங்கவைக்க எடுக்கப்பட்டது என்பதே சரியாகப் புரிவதில்லை. 2004-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு, எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆனால் விவரம் தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. லான் சாப்ளின், டெபோரா ஜான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பொருளாசை 8, 9 வயதில் குறைவாகவும், 12, 13 வயதில் உச்சமாகவும், 16-க்கு மேல் மறுபடி இறங்கியும் காணப்பட்டது. அந்த 12, 13 வயதில்தான் பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் உள்ள மதிப்பு கீழே விழுகிறது. முகப்பரு, குரல் மாற்றம், யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற பதற்றம். தன்னைப் பற்றி உள்ளே ஏற்படும் அந்தப் பள்ளத்தைப் பொருளால் நிரப்பப் பார்க்கிறார்கள்.

அந்த ஆய்வின் அடுத்த பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூடப் பழகும் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளைப் படிக்கக் கொடுத்ததும், அந்த வயதுப் பிள்ளைகளிடம் பொருளாசை குறைந்தது. உபதேசம் செய்யவில்லை, டிவியை அணைக்கவில்லை. நீ நல்லவன், நீ இருந்தால் ஜாலியாக இருக்கும் என்று நாலு வார்த்தை.

நெதர்லாந்தில் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் ஒப்ரீ, பொய்சன், வால்கன்பர்க் மூவரும் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. வாழ்க்கையில் திருப்தி குறைந்த பிள்ளைகளிடம் ஓராண்டு கழித்துப் பொருளாசை கூடியிருந்தது, ஆனால் அடிக்கடி விளம்பரம் பார்த்தவர்களிடம் மட்டும். அதாவது வருத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அந்த வருத்தத்துக்கு மருந்து கடையில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது விளம்பரம்.

எல்லாப் பழியையும் டிவி மேல் போடவும் முடியாது. வீட்டில் பெரியவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்து எத்தனை பவுன், என்ன கார் என்று மட்டும் பேசினால் பிள்ளை அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூட வகுப்பறைக்கும் பங்கு உண்டு. பொருளாசை உள்ள பிள்ளைகள்தான் தேடித்தேடி விளம்பரம் பார்க்கிறார்களோ என்ற கேள்வியும் ஆய்வாளர்களிடம் உண்டு. ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் அதற்காகத்தான்.

சட்டம் கொஞ்சம் உதவுகிறது. ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குறிவைத்துத் தொலைக்காட்சி விளம்பரம் செய்யவே தடை. கனடாவின் கியூபெக்கில் 13 வயதுக்குக் கீழே, 1980 முதல். இங்கே விளம்பரத் துறையே 1985-இல் ஒரு தரக் கவுன்சில் அமைத்துக்கொண்டது, அதன் அலுவலகம் மும்பையில்தான். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரத்தைத் தடுக்கின்றன. ஆனால் நம் ஷூ விளம்பரத்தை எந்த விதியில் பிடிப்பது? அதில் பொய்யான தகவல் ஒன்றுகூட இல்லை. தகவலே இல்லையே. ஆக, மிச்ச வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும்.

நெதர்லாந்து ஆய்வாளர்களில் இருவர் 2005-இல் பெற்றோரின் பங்கைத் தனியாக ஆராய்ந்தார்கள். டிவி பார்க்காதே என்று தடுப்பதை விட, கூட உட்கார்ந்து விளம்பரத்தைப் பற்றிப் பேசுவது நன்றாக வேலை செய்தது. அக்கா வீடு மாதிரிச் சின்ன வீட்டுக்கு அதுதான் தோது. அங்கே டிவியை அணைப்பது என்றால் எல்லோருக்கும் அணைப்பதுதான்.

அதனால் அடுத்த ஆட்டத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். ஓவர் முடிந்ததும் சத்தத்தை மியூட்டில் போட்டுவிடுவது. பாட்டு இல்லாமல், வசனம் இல்லாமல் படத்தை மட்டும் பார்த்து, என்ன விற்கிறார்கள், அதோடு சேர்த்து வேறு என்ன விற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தும் ஸ்ட்ராடஜிக் டைம் அவுட் வந்தால் கொண்டாட்டம், தொடர்ந்து நாலைந்து விளம்பரம் கிடைக்கும். முதல் நாள் அக்கா மகன் பிடி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே ரிமோட்டைப் பிடுங்கினான். "சித்தி, இது எண்ணெய். கூடவே மாமியார் சிரிக்கிறதையும் விக்கிறாங்க" என்றான். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அத்தானையும் இழுத்துவிட்டோம். ஒரு பை விளம்பரம் வந்தபோது, அந்தத் தையல் எத்தனை நாள் தாங்கும் என்று அவர் சொல்லச் சொல்லப் பையன் வாய் பிளந்து கேட்டான். அவன் கூட்டாளி, "உங்க அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டபோது இவன் பதில் சொல்லவில்லை, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஷூ முனையை அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தானே ஒட்டித் தைத்துக் கொடுத்தார். தையல் வெளியே தெரிகிறது. இப்போது அது வாசலில்தான் கிடக்கிறது.

போன வாரம் ஏதோ பெயின்ட் விளம்பரம். வெள்ளைச் சுவர், பெரிய ஹால், குழந்தை ஓடுகிறது. பையன் டிவிக்குக் கிட்டே போய் ஒவ்வொரு மூலையாகத் தேடினான். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, நிஜமான சந்தேகத்தோடு கேட்டான்.

"சித்தி, இவங்க வீட்டுல தண்ணி டிரம் எங்க?"